ஓடை தாண்டாத கூறு

மலைமேல் அரியூர் நாட்டுப் பலாப்பட்டியில் அம்மன் நோன்பு விழாவுக்குக் கிடாய் வெட்டினாலும், கிழங்குக் காட்டைக் கிளற வந்த பன்றி வேலியில் சிக்கி விழுந்தாலும், அடுப்புக்கு ஒரு கூறு என்பது சட்டம். எவரும் எழுதி வைக்காத சட்டம். அதனாலேயே எவரும் மீறாத சட்டம். வாழையிலைகளை வரிசையாக விரித்து, ஈரலிலும் எலும்பிலும் கொழுப்பிலும் ஒவ்வோர் இலைக்கும் ஒத்த பங்கு விழும்படி வைத்துக்கொண்டே போவார்கள். கூறு வைக்கும் உரிமை காளியண்ணன் குடும்பத்துக்கு உரியது. உரிமையோடு ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஊரார் அனைவரும் எடுத்துச் சென்ற பிறகு எஞ்சிக் கிடக்கும் இலையைத்தான் கூறு வைத்தவர் தம் வீட்டுக்குத் தூக்க வேண்டும். கை கோணினால் அந்தக் கோணல் தன் சட்டியில் வந்து விழட்டும் என்பதே முன்னோர் செய்த ஏற்பாடு.

காளியண்ணனின் மனைவி ஆத்தாயி, அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாள்முதல் கடைசி இலைக் கறியையே சமைத்து வந்தவள். அதை ஒரு குறையாக அவள் எண்ணியதில்லை. குறை வந்தது கறியால் அன்று, மாவால்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில், கீழ்நாட்டுச் செவிலியர் கல்லூரி ஒன்றின் ஆசிரியை அனுராதா பலாப்பட்டிக்கு வந்தாள். மலையடிவாரத்தில் சொந்த நிலத்தில் பாடுபடும் குடியானவர் வீட்டுப் பெண். மலைப் பெண்களின் உடம்பில் இரத்தம் குறைந்து கிடப்பதைப் பற்றி அவள் ஆராய்ச்சி செய்ய வந்திருந்தாள். ஆராய்ச்சியாளர்கள் அந்த மலைக்குப் புதியவர்கள் அல்லர். பச்சிலையைப் பறித்துப் போனவர்கள் உண்டு. தேனடையை எண்ணிப் போனவர்கள் உண்டு. ஆளை நிறுத்தித் தலையின் சுற்றளவை நாடாவால் அளந்து போனவரும் உண்டு. அளந்து கண்டது என்ன என்பதை ஒருவரேனும் மலையேறி வந்து சொன்னதில்லை. அதனை மறதி என்று எழுதுவது பொய்யாகும். மலையில் இருப்பவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை என்பதுதான் உண்மை.

அனுராதா வேறு விதமாகத் தொடங்கினாள். களையெடுப்பு முடிந்த ஒரு பிற்பகலில், மாரியம்மன் கோவில் முற்றத்தில் ஊரைக் கூட்டி உட்காரவைத்தாள்.

"ஏனுங்க, ஆராய்ஞ்சு கண்டதை நானே வந்து உங்களுக்குச் சொல்லுவேனுங்க. ஆராய்ச்சின்னா நான் கேக்கறதுக்கு நீங்க பதில் சொல்றது மட்டுமில்லீங்க. எதைக் கேக்கலாம், எதைக் கேக்கக்கூடாது, எப்பக் கேக்கலாம், அதையும் நீங்களே சொல்லோணும்" என்றாள்.

"எல்லாத்தையும் நாங்களே சொல்லீட்டா, நீங்க எதுக்குங்க மலையேறி வந்தீங்க?" என்று கேட்டார் ஊர்க்கவுண்டர் செங்கோட்டையன்.

முற்றம் சிரித்தது. அனுராதாவும் சிரித்தாள். சிரித்ததோடு நிற்கவில்லை, அன்றே ஊர்க்குழு ஒன்றை அமைத்து, அவரையும் ஆத்தாயியையும் அதில் சேர்த்துவிட்டாள். கீழே இருந்து எழுதிக்கொண்டு வந்திருந்த கேள்விகளைக் குழுவின் முன்பு ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"வாரத்துல எத்தனை நாள் பழம் திம்பீங்க?"

"எந்த வாரத்தைக் கேக்கறீங்க நர்சம்மா?" என்றாள் ஆத்தாயி. "பலா பழுத்தா வாரம் பூராத் திம்போம். பழுக்கலீன்னா மரத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டுப் போவோம்."

"கறி, மீன், முட்டை?"

"முட்டையிட்டா அடை வெப்போமா, அவிச்சுத் திம்போமா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சென்னம்மாள். இடுப்பில் பால்குடி மாறாத பிள்ளை. குழுவில் பெயர் இல்லாவிட்டாலும் எல்லாக் கூட்டத்துக்கும் வந்துவிடுவாள். "உங்க கேள்வியெல்லாம் கடை இருக்கற ஊருக்குச் சரிங்க."

அடுத்த கேள்வி இறந்துபோன குழந்தைகளைப் பற்றியது. அதை வாசித்ததும் பேச்சு அடங்கிற்று. ஆத்தாயி தணிந்த குரலில் சொன்னாள்:

"அதை வெள்ளிக்கிழமையில கேக்காதீங்க சாமி. எந்த ஊட்லயும் வாய் தொறக்க மாட்டாங்க. தீட்டு விசயத்தை ஆம்பளைங்க இருக்கறப்பக் கேக்காதீங்க. கேட்டா எல்லாம் நல்லா இருக்குதுன்னுதான் சொல்லுவோம். காட்டுல களை வெட்டறப்பக் கூட வந்து நில்லுங்க. கேக்காததையும் சொல்லுவாங்க."

அனுராதா அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டாள். மறுவாரம் களைக்கொத்து ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு காட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டாள். அடிவாரத்துக் கை, வேலைக்கு வணங்கியது. கொத்துச் சத்தத்துக்கிடையில் பெண்கள் சொன்னவற்றுள் ஆத்தாயியின் மருமகள் பாப்பாத்தியின் கதையும் ஒன்று. ஐந்தாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்திருந்தது. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். நகக்கண்ணைப் பிதுக்கினால் சுண்ணாம்பு வெள்ளை. விரலைக் குத்திச் சோதித்துவிட்டு அனுராதா ஆத்தாயியைத் தனியே அழைத்தாள்.

"அக்கா, அடுத்த புள்ள தங்கறதுக்கு முன்னால இந்தப் புள்ளைக்கு ரத்தம் ஊறியாகோணும். இப்படியே உண்டானா மறுபடியும் கலையலாம். தாய்க்கே ஆபத்தாவும் போகலாமுங்க."

அந்தச் சொல் ஆத்தாயியின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது.

ஆராய்ச்சிக்கு வைத்திருந்த பண்டம் ஒரு சத்துமாவு. கேழ்வரகு, நிலக்கடலை, எள், வெல்லம், நிழலில் காய்ந்த முருங்கைக்கீரை ஆகியவை சேர்ந்தது. கேழ்வரகு என்றதும் செங்கோட்டையன் காறித் துப்பினார்.

"இந்த மலைபூரா ராகியும் சாமையும்தான் வெளஞ்சுது. ஜவ்வரிசி பண்ற சேகோ மில்லுக்காரன் வந்து மரவள்ளி போடு, மரவள்ளி போடுன்னான். போட்டோம். கெழங்கு லாரியில எறங்குது. இப்ப ராகி பஸ்ஸேறி எங்களைத் தேடிக்கிட்டு வருதாக்கும்."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ரேஷன் அரிசியும் கிழங்குமே அந்த மலையின் உணவாகி ஆண்டுகள் பலவாயின. ஆனால் மாவு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை இருந்தது. இரத்தம் குறைந்த பெண்களில் பாதிப்பேர் முதல் ஆறு மாதம் மாவு உண்ண வேண்டும். மீதிப்பேர் வழக்கமான உணவையே உண்டு, அடுத்த ஆறு மாதம் பெற்றுக்கொள்ள வேண்டும்.

"எல்லாருக்கும் ஒண்ணாக் குடுத்தா என்னங்க?" என்று கேட்டாள் ஆத்தாயி.

"ரத்தம் ஊறுனது மாவாலயா, வெள்ளாமை வீடு வந்த காலத்துல நல்லாத் தின்னதாலயான்னு தெரியாமப் போயிருங்க அக்கா. மாவாலதான்னு காட்டிட்டா மலைபூரா எல்லாப் பால்வாடியிலயும் குடுக்கச் சொல்லிக் கேக்கலாம்."

யாருக்கு முதலில் என்பதை முடிவு செய்யும் வழியைக் குழுவே சொல்லிற்று. மண்சட்டிக்குள் வெள்ளை மொச்சையும் கருப்பு மொச்சையும் போட்டு, பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். வெள்ளைக்கு மாவு, கருப்புக்குக் காத்திருப்பு. அம்மன் முன்னிலையில் எடுத்தார்கள். பாப்பாத்திக்கு வெள்ளை, சென்னம்மாளுக்குக் கருப்பு. ஆத்தாயி அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முதல் வாரத்துப் பொட்டலங்கள் வந்த அன்று மலையை மஞ்சு மூடியிருந்தது. மஞ்சு இறங்கினால் புகையும் மணமும் மேலே போகாமல் கூரைமட்டத்திலேயே உலவும். பாப்பாத்தி அடுப்பில் மாவைக் கிளறியதும், வறுத்த எள்ளும் வெல்லமும் கலந்த வாசனை சந்து முழுவதும் நிறைந்து சென்னம்மாளின் வாசலில் போய் நின்றது. சென்னம்மாள் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊற்றுப்பக்கம் போய்விட்டாள்.

வெயில் முகம் காட்டியபோது, வெள்ளை மொச்சைப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக ஆத்தாயி வாசலுக்கு வந்தார்கள். கையில் பிரித்த பொட்டலங்கள்.

"தொண்டையில எறங்க மாட்டேங்குதுக்கா" என்றாள் ஒருத்தி. "கதவைச் சாத்திக்கிட்டாத் திங்க முடியும்?"

"இந்த ஊர்ல எவ கதவைச் சாத்திக்கிட்டுத் தின்னிருக்கா?" என்றாள் இன்னொருத்தி. "நீங்க கூறு வெக்கற ஊடு. வெய்ங்க."

ஆத்தாயி பாப்பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு தன் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். வாசல் தெளித்து இலைகள் விரிந்தன. கருப்பு எடுத்தவளின் அடுப்பு, கிழவிகள் மட்டும் இருந்த அடுப்பு, ஆராய்ச்சியில் சேராத அடுப்பு என எல்லா அடுப்புக்கும் மாவு போயிற்று. வாரந்தோறும் அதுவே நடந்தது. கடைசி இலையில் விழுந்த மாவு, பாப்பாத்திக்கு ஒருநாள் கூழுக்குக்கூடக் காணாது.

இதைப் பிசகு என்று ஊரில் ஒருவரும் நினைக்கவில்லை. அனுராதா வாரந்தோறும் வெள்ளை மொச்சை வீடுகளுக்கு வந்து, "மாவு சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "சாப்பிட்டோம்" என்றார்கள். கருப்பு மொச்சை வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய தேவையே அவளுக்கு ஏற்படவில்லை.

கார்த்திகை மாதத்து நசநசப்பு மழையில் மறுபடியும் எல்லாருடைய விரலையும் குத்திச் சோதித்தார்கள். சொன்ன சொல் தவறாமல், கண்டதைச் சொல்ல அனுராதா திரும்பி வந்தாள். கோவில் முற்றத்தில் குடையை மடக்கிவிட்டு உட்கார்ந்தவளின் முகம் வாடிக் கிடந்தது.

"மாவு வாங்குனவங்களுக்கும் வாங்காதவங்களுக்கும் வித்தியாசமே இல்லீங்க. எல்லாருக்கும் துளி ஏறியிருக்குது. அவ்வளவுதான். கீழ எங்க பேராசிரியர், இந்த மாவுல ஒண்ணுமில்லைன்னு முடிச்சிரலாங்கறார். இல்லாட்டி..." அவள் தயங்கினாள். "இல்லாட்டி நீங்க வித்துப்போட்டீங்கங்கறார். தையோட மாவு நின்னுருங்க. பால்வாடிக்குக் கேக்கற பேச்சும் அதோட போச்சு."

விற்றுவிட்டார்கள்! மலையேறிப் பார்க்காத ஒரு மனிதருக்கு, மலைமக்களைத் திருடர் என்று தீர்மானிக்க ஒரு தேநீர் குடிக்கிற நேரம் போதுமாயிருந்தது. முற்றத்தில் எல்லாத் தலைகளும் தரையைப் பார்த்தன. அந்த நிமிடத்தில்தான் ஆத்தாயிக்குத் தாங்கள் செய்த காரியத்தின் மறுபக்கம் தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள், செங்கோட்டையன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார், மூடிக்கொண்டாள்.

பாப்பாத்தியின் இரத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆத்தாயியின் மகன், பாப்பாத்தியின் கணவன் கதிர்வேல் கிழங்கு லாரியில் ஏற்றுக்கூலியாகப் போகிறவன். போனால் வீடு திரும்பச் சில நாள் ஆகும். மறுநாள் காலையில் வந்தவன், கிழங்குமாவுக் களிக்கு உட்கார்ந்த இடத்தில் பாப்பாத்தியிடம் சோதனையைப் பற்றிக் கேட்டான். அவள் மழுப்பினாள். மழுப்பல் நீடிக்கவில்லை.

"அம்மா, இவளுக்கு வந்த மாவை ஊருக்குக் கூறு வெச்சியாமே?"

"ஊரே வெச்சுது. என் ஒருத்தி கையா?"

"கை உன்னுதுதானே? நடமாடற பொணமாட்டம் இருக்கறா. நர்சம்மா உன்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்கல்ல? கெடாக்கறின்னு நெனைச்சியா அதை?"

"சென்னம்மா புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு ஊத்துக்குப் போறா. நீயா இருந்தாத் தின்னிருப்பியா?"

"நான் திங்க மாட்டேன். இவளைத் திங்கச் சொல்லியிருப்பேன்."

காளியண்ணன் மூலையில் மிளகுக்கொடி கட்ட நார் கிழித்துக்கொண்டிருந்தார். "டேய், கூறு வெக்கறவன் ஊட்ல பொறந்துட்டுப் பேசற பேச்சா இது?" என்றார்.

"கூறு வெக்கறவன் ஊட்ல பொறந்ததாலதான் பேசறேன். கடைசி இலை, கடைசி இலைன்னு எங்களுக்குப் பழகிப்போச்சு. அவ அடுத்த ஊட்ல இருந்து வந்தவ. அவளுக்கு ஏன் அது?"

களியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். ஆத்தாயி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் வந்து தட்டை எடுத்தாள்.

"அவர் பேச்சை உடுங்க அத்தை. சட்டியக் கொண்டாந்து வெச்சது நான்தானுங்க."

"நான் பாத்தேன், நீ வெச்சே. பாக்காம இருந்திருந்தா?" என்றாள் ஆத்தாயி. பாப்பாத்தி தட்டைக் கழுவப் போனாள்.

சந்தை நாளில் ஆத்தாயி செம்மேட்டுக்குப் புறப்பட்டாள். செங்கோட்டையன் வழிமறித்தார். "ஊர் மானம் போயிரும் ஆத்தாயி. இதுவரைக்கும் நம்ம கூட்டம் கீழ ஒருத்தன்கிட்டத் தலைகுனிஞ்சதில்லை."

"வித்துத் தின்னவங்கன்னு பேராயிருச்சு. அதைவிடவா மானம் போகோணும்?" என்றாள். அவர் வழியைவிட்டு விலகினார்.

அனுராதா கீழிறங்கும் பேருந்துக்காகத் தேநீர்க் கடையில் நின்றிருந்தாள்.

"வாங்கக்கா, சந்தைக்குங்களா?"

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன் கண்ணு. மாவு ஆகாதுன்னு எழுதிராதீங்க. மாவு நல்ல மாவுதான். தின்னவ முழுசாத் திங்கல. நான்தான் கூறு வெச்சேன்."

"எத்தனை ஊட்டுக்குங்க?"

"எல்லா அடுப்புக்கும்."

அனுராதா தேநீர்க் குவளையைப் பலகையில் வைத்தாள். முகம் சிவந்துவிட்டது.

"வாரா வாரம் வந்தேனேக்கா. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களான்னு வாய் வலிக்கக் கேட்டேனே. ஒருத்தராவது சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சாப்பிட்டோம்னு சொன்னமே. அது பொய்யில்லையே சாமி."

பேருந்து வந்து நின்றது. நடத்துனர், "நாமக்கல்லு, நாமக்கல்லு! ஏறுங்க டீச்சர், அப்பறம் வண்டியில்லை!" என்று கூவினார். அனுராதா கையை அசைத்து, போகச் சொல்லிவிட்டாள்.

"எங்க ஊர்லயும் மாரியம்மன் நோம்பிக்குக் கூறு வெப்பாங்க" என்றாள் பிறகு. "எங்கப்பாகூடப் போயி இலையில வாங்கிட்டு வந்தவதான் நானும். பொட்டலத்துல வந்தா அது மருந்து, கூறுல சேராதுன்னு நானா நெனைச்சுக்கிட்டேன் பாருங்க."

"வாயில போடறது எதுவா இருந்தாலும் கூறுதான் கண்ணு."

"மாத்திரையா இருந்தா?"

ஆத்தாயி யோசித்தாள். "அம்மிக்கல்லுல ஒடச்சு வெச்சிருப்போம்."

இருவருக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. தேநீர்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு ஓய்ந்ததும் அனுராதா கேட்டாள்: "கூறு எதுவரைக்கும் போகுங்க?"

"ஓடை வரைக்கும். அந்தப்பக்கம் ஓடைக்காடு. அவங்க கெடா அவங்களுக்கு, எங்க கெடா எங்களுக்கு."

"உங்க மக பொன்னாயி அங்கதானே வாழ்க்கைப்பட்டிருக்கறா?"

"கட்டிக் குடுத்த புள்ளைக்குக் கூறு கெடையாது. சீருதான்."

"அப்படீன்னா ஊட்டுக்கு ஊடு பிரிக்காம, ஊருக்கு ஊர் பிரிச்சுப் பாக்கலாமுங்க. ஒரு ஊர் பூராத் தின்னட்டும். இன்னொரு ஊர் காத்திருக்கட்டும்." சொல்லிவிட்டு அவள் ஆத்தாயியின் முகத்தைப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. பலாப்பட்டிக்குக் கருப்பு விழுந்தா, பாப்பாத்திக்கு இப்பக் கெடைக்கற ஒரு கையளவும் நின்னுரும். அதைத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க."

ஆத்தாயி முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நடுவுல அவ முழுகாம ஆயிட்டா?"

"அன்னைக்கே ஆஸ்பத்திரியில மாத்திரை. அதுக்கு மொச்சையும் கெடையாது, சட்டியும் கெடையாது. நானே கூட்டிட்டுப் போறேன்."

"அப்படீன்னா மொச்சையை எடுங்க" என்றாள் ஆத்தாயி.

கீழே பேராசிரியரிடம் அனுராதா என்ன பாடுபட்டாள் என்பது மலைக்குத் தெரியாது. "ஊரார் ஒப்புக்கொண்டால் பார்க்கலாம்" என்று கடைசியில் அவர் சொன்னாராம். வேலை கெட்டபிறகாவது ஊராரின் ஒப்புதல் அவர் நினைவுக்கு வந்ததே, அதுவரை நன்று.

தை மாதம், கிழங்கு பிடுங்கும் காலம். மண் ஒட்டிய கைகளோடு இரண்டு ஊராரும் ஓடைக்கரைப் பாறையில் கூடினார்கள். நடந்ததை ஒளிக்காமல் அனுராதா சொன்னாள். தான் கேட்கத் தவறியதையும் சேர்த்தே சொன்னாள். ஓடைக்காட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள்.

"பலாப்பட்டிக்காரங்க எறும்பு செத்தாலும் கூறு வெப்பாங்க நர்சம்மா! எங்ககிட்ட வந்திருந்தா அவனவன் ஊட்ல தின்னுருப்போம்."

"தின்னுருப்பீங்க. போன நோம்பியில கொடல் பத்தலைன்னு அடிச்சுக்கிட்டவங்கதானே நீங்க?" என்று சென்னம்மாள் எதிர்க்குரல் கொடுத்தாள். பாறை அதிர்ந்து சிரித்தது.

பலாப்பட்டியின் சார்பில் யார் எடுப்பது என்ற கேள்வி வந்தபோது செங்கோட்டையன் சொன்னார்: "காளியண்ணன் மருமக எடுக்கட்டும். அந்தப் புள்ளைக்குத்தான் இதுல பெரிய பங்கு."

பாப்பாத்தி கண்ணை மூடிச் சட்டிக்குள் கையை விட்டாள். கை வெளியே வந்தபிறகும் விரலை விரிக்கவில்லை. பிறகு விரித்தாள். கருப்பு.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த கதிர்வேல் தாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டான். ஓடைக்காட்டுப் பெண்களின் மகிழ்ச்சிக்கிடையே பொன்னாயி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணன் போன திசையைப் பார்த்தாள். பாப்பாத்தி மொச்சையைச் சட்டியிலேயே போட்டாள்.

"நானே எடுத்தது அத்தை. யாரையும் நோகறதுக்கில்ல" என்றாள்.

மறுவாரத்திலிருந்து மாவு மூட்டை பலாப்பட்டி வழியாகவே ஓடைக்காட்டுக்குப் போயிற்று. சுமந்து போகிறவர்கள் மேட்டில் மூச்சு வாங்கினால் ஆத்தாயி நீர்மோர் கொடுத்து அனுப்பினாள். வீட்டில் வழக்கமான சோறு, வழக்கமான கிழங்கு, வழக்கமான அவரைக்காய்க் குழம்பு. கதிர்வேல் தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் லாரியிலிருந்து திரும்பும்போதெல்லாம் பாப்பாத்தி சுமக்க வேண்டிய தண்ணீரைத் தானே சுமந்து ஊற்றினான். ஊர் ஆண்கள் கிண்டல் செய்ததை அவன் காதில் வாங்கவில்லை.

மாசி மாதத்தின் ஒரு பகற்பொழுதில், மிளகு காயும் முற்றத்தைத் தாண்டிக்கொண்டு பொன்னாயி வந்தாள். கன்னத்தில் பளபளப்பு ஏறியிருந்தது. ஆத்தாயியின் கண் முதலில் அதில்தான் போய் விழுந்தது. பாப்பாத்தி உரலில் காய்ந்த கிழங்கைக் குற்றிக்கொண்டிருந்தாள்.

"உலக்கையைக் குடுங்க நங்கை" என்று அண்ணன் மனைவியின் கையிலிருந்து அதை வாங்கிச் சாய்த்துவிட்டு, பொன்னாயி மடியை அவிழ்த்தாள். உள்ளே துணிமுடிச்சு. எள்ளும் வெல்லமும் மணத்தன.

"என்ன புள்ள இது?" என்றாள் ஆத்தாயி.

"என் பங்கு. நாலு நாளாத் திங்காம எடுத்து வெச்சேன். கூறு ஓடை தாண்டக்கூடாது. நான் கூறாக் கொண்டாரல. நங்கைக்கு நாத்தனா கொண்டாந்த பண்டம். இதுக்கு என்ன சட்டம் இருக்குது?"

சட்டம் ஒன்றும் இல்லை. வீடு தேடி வந்த உணவைத் திருப்பி அனுப்புவதற்குத்தான் அந்த மலையில் சட்டம் இல்லை. ஆத்தாயி மகளைப் பார்த்தாள். மருமகளின் வெளுத்த உதட்டைப் பார்த்தாள். முற்றத்தில் வேறு எவரும் இல்லை. மகன் களியை அப்படியே வைத்துவிட்டுப் போன காலைப்பொழுது மனத்தில் எழுந்தது. செம்மேட்டில் தான் சொன்ன சொல்லும் எழுந்தது. எத்தனையோ இலைகள் விரித்த அந்தக் கை, தானாகவே முடிச்சை நோக்கி நீண்டது.

பாப்பாத்தி முந்திக்கொண்டாள். முடிச்சை எடுத்து மாமியாரின் கையில் வைத்தாள்.

"வெந்நி போட்டு உருண்டை புடிங்க அத்தை" என்றாள். "ஆனா எல்லாம் பொன்னாயிக்கு. இங்கேயே உக்காந்து தின்னுட்டுத்தான் போகோணும்."

"நங்கை!"

"நாலு நாள் திங்கலைன்னு சொல்றே. மறுபடியும் விரலைக் குத்துனா உன் ரத்தம் எறங்கியிருக்கும். மாவு ஆகாதும்பாங்க. அப்பறம் எங்க ஊருக்கு முறை வர்றப்ப மாவு எங்க இருந்து வரும்? உன் ஆசையில என் பங்குல மண்ணள்ளிப் போட்றாத."

பொன்னாயி தாயின் முகத்தைப் பார்த்தாள். ஆத்தாயி உள்ளே போய் அடுப்பில் நீரை ஏற்றினாள். புகை கண்ணைக் கரித்தது. மாவைப் பிசைந்து, பிசைந்ததில் ஒரு துளியும் ஒதுக்காமல் உருண்டை பிடித்து, ஒரே ஓர் இலையை விரித்து மகளின் முன்பு வைத்தாள். மூன்றுபேர் அமர்ந்திருக்கும் இடத்தில் ஓர் இலை மட்டும் விரிப்பது அவள் ஆயுளில் அதுவே முதல்முறை.

பொன்னாயி ஓர் உருண்டையை வாயில் போட்டாள். மென்றாள். விழுங்க முடியாமல் விக்கினாள். பாப்பாத்தி செம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவள் எதிரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி நங்கை தொண்டையில எறங்கும்?"

"எறங்கும், தின்னு" என்றாள் பாப்பாத்தி. "எனக்கு முறை வர்றப்ப உன்னைய எதுக்க உக்கார வெச்சு, ஒரு வாய் குடுக்காமத் திங்கறனா இல்லையா பாரு."